சேணம் தைத்தவர் ஏந்திய செங்கோல்

1919-ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் 21-ஆம் நாள். ஜெர்மனியின் வைமர் நகரில், புதிய குடியரசின் முதல் தலைவர் அரசியல் சட்டத்தின்படி நடப்பதாக உறுதிமொழி எடுத்துக்கொள்கிறார். அதே நாளில் பெர்லின் நகரத் தெருக்களிலே ஒரு படப் பத்திரிகை பரபரப்பாக விலைபோகிறது. அட்டையிலே அந்தத் தலைவரின் படம்! அரியணையில் அமர்ந்திருக்கும் படமல்ல; அணிவகுப்பை ஏற்கும் படமல்ல. பால்டிக் கடலோரத்தில், குளியல் கால்சட்டை ஒன்று மட்டும் அணிந்து, தொந்தி தெரியத் தண்ணீருக்குள்ளே நிற்கிறார். பக்கத்திலே, அதே கோலத்தில், பாதுகாப்பு அமைச்சர் நோஸ்கே.

பார்த்தனர் பழமை விரும்பிகள்; கைகொட்டிச் சிரித்தனர். முறுக்கி நிமிர்த்திய மீசையும், மார்பு நிறையப் பதக்கமுமாகக் கைசர் வில்லியம் நேற்றுவரை காட்சி தந்த நாடு அது. அந்த இடத்திலே இந்த ஆளா என்று கேட்டனர். அந்தப் படத்தை அஞ்சலட்டையாக அச்சிட்டுப் பரப்பினர். பின்னாளில் அவர் வந்த வழியில் குளியல் கால்சட்டையைத் தூக்கிக் காட்டி ஏளனம் செய்தவர்களும் உண்டு.

கடலில் குளித்தது குற்றமா? இல்லை. தையற்காரர் மகன், சேணம் தைத்துப் பிழைத்தவர், நாட்டின் தலைமை நாற்காலியில் அமர்ந்தாரே, அதுதான் குற்றம்! அவர் பெயர் பிரீட்ரிக் எபர்ட். பாட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தவர் என்று இடதுசாரிகள் ஏசினர். நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்று வலதுசாரிகள் தூற்றினர். இரு தரப்பாரும் வைத ஒருவரை எடைபோடுவது எளிதல்ல. எனினும் ஒரு குடியரசு எப்படிப் பிறக்கிறது, எந்த வாசல் வழியாகச் சாவு அதன் வீட்டுக்குள் நுழைகிறது என்று அறிய விரும்புவோர், இந்த மனிதரின் வாழ்வைப் படித்தே ஆகவேண்டும்.

ஹைடல்பர்க் நகரிலே, 1871 பிப்ரவரி 4-ஆம் நாள் பிறந்தார் எபர்ட். ஒன்பது குழந்தைகளில் ஏழாவது குழந்தை. அதற்குப் பதினேழு நாள் முன்புதான், வெர்சேல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில், பிரஷ்ய மன்னர் ஜெர்மானியப் பேரரசராக அறிவிக்கப்பட்டார். ஆக, பேரரசு எபர்ட்டுக்குப் பதினேழு நாள் மூப்பு. அது சாகும் நாளில் அதன் சாவிக்கொத்து இந்தத் தையற்காரர் வீட்டுப் பிள்ளையின் கையில் வந்து விழும் என்று அன்று எந்தச் சோதிடனும் கணித்துச் சொல்லவில்லை!

பல்கலைக் கழகத்தால் புகழ்பெற்ற ஊர் ஹைடல்பர்க். ஏழைவீட்டுப் பிள்ளைக்கு அதன் படிக்கட்டு ஏது? பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேணம் தைக்கும் பட்டறைக்குத் தொழில் பழகப் போனார். தோலும் ஊசியும் மெழுகு நூலும்தான் அவருக்குக் கல்லூரி. தொழில் கற்றபின், அந்நாளைய கைவினைஞர் வழக்கப்படி, ஊர் ஊராக வேலை தேடி அலைந்தார். 1889-இல் சமூக ஜனநாயகக் கட்சியிலே சேர்ந்தார். பிஸ்மார்க் கொண்டுவந்த அடக்குமுறைச் சட்டத்தின் பிடியில் அந்தக் கட்சி சிக்கிக் கிடந்த காலம் அது. 1878-இல் பிறந்த அந்தச் சட்டம் 1890-இல்தான் ஒழிந்தது. எபர்ட் சென்ற ஊரிலெல்லாம் சங்கம் கண்டார். முதலாளிகளின் கறுப்புப் பட்டியலிலே பெயர் ஏறிற்று. வேலை போயிற்று, அடுத்த ஊர் போனார். அங்கும் சங்கம், அங்கும் வேலை போயிற்று.

1891-இல் பிரேமன் துறைமுக நகரிலே நிலையாகத் தங்கினார். கட்சி ஏட்டிலே எழுதினார். 1894-இல் லூயிஸ் ரம்ப் என்னும் தொழிலாளிப் பெண்ணை மணந்தார். பிழைப்புக்காக ஒரு சிறு மதுச்சாலையை எடுத்து நடத்தினார். வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம்! தொழிலாளர் கூடிப் பேச அந்நாளில் அங்கே அதைவிட்டால் வேறு இடம் கிடைப்பது அரிது. வழக்கு மன்றத்தின் வாசலைக் கண்டறியாத ஏழைகளுக்கு வழிசொல்லும் வேலை அவரைத் தேடி வந்தது. 1900-இல் தொழிற்சங்கங்கள் அவரைச் சம்பளம் கொடுத்துத் தொழிலாளர் செயலாளராக அமர்த்தின. விபத்து, இழப்பீடு, காப்புறுதி, வாடகை என்று நாள்தோறும் நூறு குறைகள். சட்டம் என்பது ஏழைக்கும் பயன்படும் கருவி என்ற நம்பிக்கை அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. அந்த அலுவலக மேசையிலே வேரூன்றியது அது.

1905-இல் கட்சித் தலைமையகத்துச் செயலாளராகப் பெர்லினுக்கு அழைத்தனர். தத்துவச் சிலம்பம் ஆடும் மேதைகள் அங்கே நிறைய இருந்தனர். தட்டெழுத்துப் பொறியோ, ஒழுங்கான கோப்போ இல்லை! எபர்ட் கோப்பு திறந்தார், கணக்கு எழுதினார், கிளைகளை ஒழுங்குபடுத்தினார். மேடையை அதிரவைக்கும் பேச்சாளர் அல்லர் அவர். நூல் எழுதிப் பெயர் வாங்கியவரும் அல்லர். காரியம் முடிக்கும் ஆள். 1912 தேர்தலில் கட்சி 110 இடங்களை வென்று ரீச்ஸ்டாக் மன்றத்திலே முதற்பெருங் கட்சியாயிற்று. எபர்ட்டும் அந்தத் தேர்தலில்தான் மன்றத்துள் நுழைந்தார். அடுத்த ஆண்டு முதுபெருந் தலைவர் பெபெல் மறைந்தார். ஹாசேயுடன் இணைந்து கட்சித் தலைமையை ஏற்றார் எபர்ட்.

முதற்பெருங் கட்சி! ஆனால் ஆட்சி? அங்கேதான் இருந்தது பேரரசின் சூழ்ச்சி. ஆண்கள் வாக்களித்து மன்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம். சான்சலர் எனப்படும் தலைமை அமைச்சரை அமர்த்துவதும் நீக்குவதும் கைசரின் விருப்பம். மன்றமே திரண்டு எதிர்த்தாலும் சான்சலரின் நாற்காலி அசையாது. பெரிய மாநிலமான பிரஷ்யாவிலோ, மாநிலச் சட்டமன்றத் தேர்தலுக்கு, கட்டும் வரியை அளந்து வாக்காளரை மூன்று வகுப்பாகப் பிரித்து வைத்திருந்தனர். பணக்காரர் ஒருவரின் வாக்கு, கூலிக்காரர் பலரின் வாக்குக்குச் சமம். அமைச்சர்கள் மக்கள் மன்றத்துக்குப் பதில் சொல்லவேண்டும், எல்லாருடைய வாக்குக்கும் ஒரே எடை வேண்டும்: எபர்ட் தம் வாழ்நாளில் கேட்டதைச் சுருக்கினால் இந்த இரண்டில் அடங்கிவிடும்.

1914-இல் போர் மூண்டது. தற்காப்புப் போர் என்று நம்பி எபர்ட்டின் கட்சி போர்க் கடனுக்கு வாக்களித்தது. நான்கு மகன்கள் அவருக்கு. 1917-இல், சில மாத இடைவெளியில், இருவர் போர்முனையில் மாண்டனர். அதே ஆண்டு போரை எதிர்த்தோர் பிரிந்து தனிக் கட்சி கண்டனர். 1918 ஜனவரியில் பெர்லின் நகர ஆயுதத் தொழிற்சாலைகளில் பெரும் வேலை நிறுத்தம். எபர்ட் அதன் குழுவிலே போய்ச் சேர்ந்தார். தூண்டிவிட அல்ல, விரைவில் முடித்துவைக்கவே சேர்ந்ததாகப் பின்னர் விளக்கம் தந்தார். வாசகர்கள் இந்தச் செய்தியை மறவாதிருக்க வேண்டும். ஏழாண்டு கழித்து இது பாம்பாகப் படமெடுத்து அவர்முன் வரும்.

1918 நவம்பர். கீல் துறைமுகத்துக் கடற்படையினர் கிளர்ந்தெழுந்தனர். தீ ஊருக்கு ஊர் தாவிற்று. 9-ஆம் நாள் நண்பகல், சான்சலராக இருந்த இளவரசர் மாக்ஸ், கைசரின் ஒப்புதலுக்குக்கூடக் காத்திராமல் அவர் முடி துறந்தார் என்று அறிவித்துவிட்டு, ஆட்சியை எபர்ட்டிடம் ஒப்படைத்தார். சிறிது நேரத்தில், அவருடைய கட்சித் தோழர் ஷைடமான் ரீச்ஸ்டாக் கட்டடத்துச் சன்னலில் நின்று, திரண்டிருந்த மக்களிடம் குடியரசு பிறந்துவிட்டது என்று முழங்கினார். எபர்ட்டுக்குக் கோபம்! முடியரசா குடியரசா என்பதை மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம் முடிவு செய்யவேண்டும். சன்னலிலே நின்று ஒருவர் முடிவு செய்வதா என்பது அவர் வாதம். குடியரசின் முதல் தலைவராகப் போகிறவர், குடியரசு பிறந்த செய்தி கேட்டுச் சினந்தார் என்பது வரலாற்றின் வேடிக்கை. ஆனால் அந்தச் சினத்திலே அவருடைய முழு உருவமும் தெரிகிறது. முறையாக நடக்கவேண்டும், வாக்குச் சீட்டின் வழியாக நடக்கவேண்டும். அதுவே அவர் சமயம்.

மறுநாள் இரவு ஒரு தொலைபேசிப் பேச்சு. மறுமுனையில் தளபதி குரோனர். படை புதிய ஆட்சிக்குத் துணை நிற்கும். அதற்கு ஈடாகப் படை அதிகாரிகளின் பதவிக்கும் அதிகாரத்துக்கும் ஆட்சி பாதுகாப்பளிக்கும், கலவரத்தை ஒடுக்கும். இதுதான் உடன்பாடு. போர் முனையிலே இலட்சக் கணக்கான வீரர்கள், ஊருக்குள்ளே பசி, எல்லையிலே வென்ற எதிரி. எபர்ட் ஏற்றதன் காரணம் புரிகிறது. ஆனால் கைசர் போனார், கைசரின் தளபதிகள் இருந்தனர், நீதிபதிகள் இருந்தனர், உயர் அதிகாரிகள் இருந்தனர். வீட்டுக்குப் பெயர்ப்பலகை மாறிற்று, உள்ளே குடியிருந்தவர்கள் மாறவில்லை.

1919 ஜனவரியில் பெர்லினில் புரட்சி இடதுசாரிகள் ஆயுதம் எடுத்தபோது, நோஸ்கே திரட்டிய படைகள் அவர்களை நசுக்கின. 15-ஆம் நாள் இரவு ரோசா லக்சம்பர்கும் கார்ல் லீப்னெக்டும் பிடிபட்டனர். படை அதிகாரிகள் அவர்களைக் கொன்றனர். எபர்ட் அந்தக் கொலைக்கு ஆணையிட்டார் என்பதற்குச் சான்று இல்லை. ஆயினும் கொன்ற கை, அவர் ஆட்சி அழைத்துவந்த படையின் கை. இந்தக் கறையை எவ்வளவு கழுவினாலும் போகாது. ஜெர்மன் தொழிலாளர் இயக்கம் இரண்டாகப் பிளந்து, பின்னர் ஒன்று சேரவேண்டிய வேளையிலும் சேர மறுத்ததற்கு அந்த இரவும் ஒரு காரணம்.

கறையை மட்டும் சொல்லிவிட்டு, கண்ட பயனைச் சொல்லாது விடுவது நேர்மையல்ல. ஆட்சி கைக்கு வந்த மூன்றே நாளில், 1918 நவம்பர் 12-ஆம் நாள், இருபது வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் சம வாக்குரிமை அறிவிக்கப்பட்டது. பிரஷ்யாவின் மூன்று வகுப்பு வாக்குமுறை குப்பைக்குப் போயிற்று. எட்டு மணி நேர வேலைநாள் வந்தது. 1919 ஜனவரி 19-இல் தேர்தல். ஜெர்மன் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர், 37 பெண்கள் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பெர்லினில் அமைதி இல்லாததால் மன்றம் வைமர் நகரிலே கூடிற்று. பிப்ரவரி 11-ஆம் நாள், பதிவான 379 வாக்குகளில் 277 பெற்று எபர்ட் குடியரசுத் தலைவரானார்.

வைமர் மன்றம் இயற்றிய அரசியல் சட்டத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். சட்ட அறிஞர் ஹூகோ பிராய்ஸ் வரைந்தது. 1919 ஜூலை 31-இல் நிறைவேறியது. ஆகஸ்டு 11-இல் எபர்ட் கையெழுத்திட்டது. அரசின் அதிகாரம் மக்களிடமிருந்தே பிறக்கிறது என்று அதன் முதற்பிரிவே கூறிற்று. சான்சலரும் அமைச்சரும் ரீச்ஸ்டாக்கின் நம்பிக்கையைப் பெற்றிருக்கவேண்டும், இழந்தால் விலகவேண்டும். பேச்சுரிமை, கூட்டுரிமை, சங்கம் அமைக்கும் உரிமை, வீட்டுக்குள் காவலர் நினைத்தபடி நுழையாதிருக்கும் உரிமை எல்லாம் எழுதப்பட்டன. மக்களே வாக்களித்துச் சட்டம் இயற்றவும் வழி இருந்தது. தேர்தல், விகிதாச்சார முறை. ஒரு கட்சி நாடெங்கும் பெறும் ஒவ்வொரு 60,000 வாக்குக்கும் ஓர் இடம். ஒரு வாக்கும் வீணாகாது. நியாயமான முறைதான், ஆனால் சிறு சிறு கட்சிகள் மழைக்காலத்துக் காளான்போல் முளைத்தன. எபர்ட் தலைவராக இருந்த ஆறாண்டுகளில் ஒன்பது பேர் தலைமை அமைச்சர் நாற்காலியில் ஏறி இறங்கினர்.

மன்றத்தில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காமல் ஆட்சி தடுமாறினால் என்ன செய்வது? சட்டம் வரைந்தோர் நெஞ்சிலே இந்த அச்சம் இருந்தது. அதனால் மன்றத்துக்கு எதிர் எடையாகக் குடியரசுத் தலைவரை நிறுத்தினர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பர், ஏழாண்டுப் பதவி, சான்சலரை அவர் அமர்த்துவார், மன்றத்தைக் கலைப்பார், படைக்குத் தலைவர். முடியில்லாத கைசர் ஒருவரைப் படைக்கிறோம் என்று அன்றே எச்சரித்தவர்கள் உண்டு. கேட்பார் இல்லை.

அந்தச் சட்டத்தில் 48-ஆவது பிரிவு. பொது அமைதிக்குப் பெருங்கேடு வந்தால், தலைவர் படையை ஏவலாம். தனிமனித உரிமை, வீட்டின் காப்பு, அஞ்சல் மறைவு, பேச்சு, கூட்டம், சங்கம், சொத்து ஆகிய ஏழு உரிமைகளையும் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். கடமை தவறும் மாநிலத்தைப் படைகொண்டு பணியவைக்கலாம். கட்டுக்காவல் இல்லாமல் இல்லை. சான்சலரோ அமைச்சரோ உடன் கையெழுத்திட வேண்டும். மன்றத்துக்கு உடனே தெரிவிக்கவேண்டும். மன்றம் கேட்டால் ஆணையைத் திரும்பப் பெறவேண்டும். விவரங்களைத் தனிச் சட்டம் வகுக்கும் என்றும் எழுதினர். அந்தத் தனிச் சட்டம் கடைசிவரை வரவேயில்லை! இன்னொன்றையும் அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஆணையைத் திரும்பப் பெறு என்று மன்றம் கேட்கிறது. மன்றத்தையே கலைத்துவிடும் அதிகாரமும் தலைவர் கையிலே இருக்கிறது. கேட்கும் வாயையே மூடிவிட்டால்?

எபர்ட் அப்படிச் செய்யக்கூடியவர் அல்லர். அதுதான் தொல்லை! நல்லவர் கையிலே சாவி இருந்ததால், பூட்டு எவ்வளவு பலவீனமானது என்று நாட்டுக்குத் தெரியாமலே போயிற்று.

அந்தச் சாவியை அவர் நூற்று முப்பது தடவைக்கு மேல் பயன்படுத்தினார். சில சமயம் உயிர் காக்க; பல சமயம் பணக் குழப்பத்தைச் சமாளிக்க. கலகத்தை அடக்கத் தந்த அதிகாரம், வரியும் நாணயமும் பற்றிய ஆணைகளுக்கும் நீண்டது. மன்றம் கூடி வாதாடி முடிவெடுக்கவேண்டிய காரியங்கள், ஒரு கையெழுத்தில் முடிந்தன. வசதியாக இருந்தது. கட்சிகளும் அந்த வசதிக்குப் பழகின.

படை என்ன செய்தது? 1920 மார்ச் 13-ஆம் நாள் விடியற்காலையில், காப் என்ற அதிகாரியும் தளபதி லுட்விட்சும் படைப்பிரிவு ஒன்றை நடத்திவந்து பெர்லினைக் கைப்பற்றினர். குடியரசைக் காக்கவேண்டிய தளபதிகள், படைவீரர் படைவீரரைச் சுடமாட்டார் என்று கைவிரித்தனர். எபர்ட்டும் அமைச்சர்களும் தலைநகரைவிட்டுத் தப்பி, டிரஸ்டனுக்கும் பின்னர் ஸ்டுட்கார்ட்டுக்கும் ஓடவேண்டியதாயிற்று. அப்போது குடியரசைக் காத்தவர் யார்? தொழிலாளர்! பொது வேலை நிறுத்தம். இரயில் ஓடவில்லை, விளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, செய்தித்தாள் இல்லை. ஆணை எழுதிவைத்துக்கொண்டு அதை எடுத்துச் செல்ல ஆளில்லாமல் விழித்தார் காப். ஐந்தாம் நாள் ஓடிப்போனார். அந்தக் கலகத்துக்காகச் சிறைத் தண்டனை பெற்ற தலைவர் ஒரே ஒருவர். ஆனால் ரூர் பகுதித் தொழிலாளர் ஆயுதத்தைக் கீழே வைக்க மறுத்தபோது, காப்பைச் சுடமாட்டேன் என்ற அதே படை, அவர்களைச் சுடத் தயங்கவில்லை. அனுப்பியது எபர்ட்டின் ஆட்சி. தம்மைக் காத்தவரை ஒடுக்க, தம்மைக் கைவிட்டவரை அனுப்பினார்! இதைப் படிக்கும்போது நமக்கே நெஞ்சு பொறுக்கவில்லை.

1923 இன்னும் கொடிய ஆண்டு. ரூர் பகுதியைப் பிரஞ்சு, பெல்ஜியப் படைகள் பிடித்துக்கொண்டன. நாணயம் நாசமாயிற்று, நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க். சாக்சனி மாநிலத்தில் சமூக ஜனநாயகக் கட்சியின் ஆட்சி, கம்யூனிஸ்டுகளையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டது. 48-ஆவது பிரிவைக் காட்டி, படையை உள்ளே அனுப்பி, அக்டோபரில் அந்த ஆட்சியை நீக்கினர். மாநிலச் சட்டமன்றத்தின் ஆதரவு பெற்ற ஆட்சி. அதிலும் எபர்ட்டின் சொந்தக் கட்சி ஆட்சி! தெற்கே பவேரியாவிலோ வலதுசாரிகள் வெளிப்படையாகவே மத்திய அரசின் ஆணையை மீறினர். அங்கே படை போகவில்லை. இந்த ஓரவஞ்சனையைப் பொறாமல் சமூக ஜனநாயகக் கட்சி அமைச்சர்கள் பதவி விலகினர். எபர்ட் வாளாவிருந்தார். சில நாளில் மியூனிக் நகர மதுச்சாலையிலே இட்லர் கலகம் செய்தார். அந்த இரவில் நாட்டின் நிர்வாக அதிகாரம் முழுவதையும் தளபதி செக்ட் கையில் கொடுத்தார் எபர்ட். தளபதி அதைச் சில மாதம் கழித்துத் திருப்பித் தந்தார். தராதிருந்தால்? கேட்க யாருக்கும் நேரம் இல்லை.

வலதுசாரி ஏடுகள் ஓயவில்லை. குடிகாரர் என்றன, கொள்ளையடித்தார் என்றன, போரிலே தாய்நாட்டை முதுகில் குத்தினார் என்றன. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட அவதூறு வழக்குகளைத் தொடுத்தார் எபர்ட். நாட்டின் தலைவர், தம் மானத்தைக் காக்க வழக்கு மன்றம் வழக்கு மன்றமாக அலைந்த காட்சி! மற்ற வழி அறியாதவரா? ஏடுகளை மூடும் ஆணை எழுதும் பேனா அவர் மேசையிலேதான் இருந்தது. தம் பெயரைக் காக்க நீதிமன்றத்தையே நம்பினார்.

நீதிமன்றம் எப்படி நடந்துகொண்டது? 1924 டிசம்பர் 23-ஆம் நாள், மாக்டபர்க் நகர மன்றம் தீர்ப்பளித்தது. அவரைத் துரோகி என்று எழுதிய பத்திரிகையாளருக்குத் தண்டனை உண்டு, இழிவாக எழுதியதற்காக. ஆனால் 1918 ஜனவரி வேலை நிறுத்தத்தில் கலந்துகொண்டதால், சட்டக் கண்ணோட்டத்தில் எபர்ட் தேசத் துரோகம் செய்தவரே என்றும் அந்த மன்றம் முடிவு கூறிற்று! இரண்டு மகன்களைப் போருக்குப் பலி கொடுத்த தந்தைக்குத் தரப்பட்ட பட்டம் அது. கைசர் காலத்து நீதிபதிகள், குடியரசின் சம்பளம் வாங்கிக்கொண்டு, குடியரசின் தலைவருக்குச் சூட்டிய பட்டம்.

மேல்முறையீட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. குடல்வால் நோய் வயிற்றிலே எரிந்தது. சிகிச்சையைத் தள்ளிப்போட்டார். பிப்ரவரிக் கடைசியில் அறுவை நடந்தது, காலம் கடந்துவிட்டது. 1925 பிப்ரவரி 28-ஆம் நாள் எபர்ட் மறைந்தார். வயது 54. பிறந்த ஊரான ஹைடல்பர்கிலே அடக்கம் செய்தனர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவேண்டிய பதவி அது; ஆனால் கொந்தளிப்புக்கு அஞ்சி, 1922-இல் மன்றமே சட்டத்தைத் திருத்தி அவர் காலத்தை நீட்டித்திருந்தது. ஆகவே மக்கள் வாக்கால் வந்த முதல் தலைவர் அவர் அல்லர். வந்தவர் யார்? 77 வயது ஹிண்டன்பர்க்! கைசரின் படைத் தளபதி. 1925 ஏப்ரலில் வென்றார். சாவி கை மாறிற்று.

1930 முதல் பூட்டைத் திறக்கும் ஓசை கேட்கத் தொடங்கிற்று. அந்த ஜூலையில் சான்சலர் புரூனிங்கின் பணத் திட்டத்தை 48-ஆவது பிரிவின்கீழ் ஆணையாக்கினர். மன்றம் அதைத் திரும்பப் பெறச் சொல்லி வாக்களித்தது. ஹிண்டன்பர்க் மன்றத்தைக் கலைத்தார். எண்ணிப் பார்க்காத அந்த வழி நடந்தேறிவிட்டது. கலைத்ததால் வந்த தேர்தலில் நாஜிகள் 12 இடத்திலிருந்து 107 இடத்துக்கு உயர்ந்தனர். 1932-இல் மன்றம் இயற்றிய சட்டங்கள் ஐந்தே; அவசர ஆணைகளோ ஐம்பதுக்கு மேல். அவ்வாண்டு ஜூலை 20-இல், அதே பிரிவைக் காட்டிப் பிரஷ்ய மாநில ஆட்சியை வீழ்த்தினர். சாக்சனிக்குப் போட்ட பாதை, அப்போது பெர்லினுக்கே வந்து சேர்ந்தது.

1933 ஜனவரி 30-இல் இட்லர் சான்சலர். பிப்ரவரி 27 இரவு ரீச்ஸ்டாக் கட்டடம் எரிந்தது. மறுநாள் ஹிண்டன்பர்க் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அடிப்படை: 48-ஆவது பிரிவு. நிறுத்தப்பட்டவை: அந்த ஏழு உரிமைகள். நாள்: பிப்ரவரி 28. எபர்ட் இறந்து, நாள் தவறாமல் எட்டாண்டு! இட்லர் சட்டத்தை உடைத்துக்கொண்டு உள்ளே வரவில்லை. சட்டத்தின் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அந்தத் தற்காலிக ஆணை 1945 வரை திரும்பப் பெறப்படவே இல்லை. அவ்வாண்டு விசாரணையின்றி முகாம்களில் அடைக்கப்பட்டவர்களிலே ஒருவர், போரில் தப்பிப் பிழைத்த எபர்ட்டின் மகன், தந்தையின் பெயரையே தாங்கிய பிரீட்ரிக் எபர்ட். எட்டு மாதம் அடைபட்டிருந்தார்.

நம் நாட்டுக்கும் இந்தக் கதைக்கும் ஓர் உறவு உண்டு. 1949-இல், டில்லி அரசியல் நிர்ணய சபையில் நெருக்கடிக்கால அதிகாரங்களை விவாதித்தபோது, வைமர் சட்டத்தை எடுத்துக்காட்டி எச்சரித்தார் எச். வி. காமத். சபை செவிசாய்க்கவில்லை, பிரிவுகள் நிறைவேறின. 1975 ஜூன் 25 இரவு நடந்ததை வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. 1978-இல் வந்த திருத்தம், உயிருக்கும் உடலுரிமைக்கும் உள்ள காப்பை நெருக்கடியிலும் நிறுத்த முடியாதபடி செய்தது.

அதே 1949-இல் பான் நகரிலே கூடிய ஜெர்மானியர், சூடுபட்டவர்கள். குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்தினர். மன்றத்தின் உறுப்பினரும், அவர்களுக்குச் சம எண்ணிக்கையில் மாநிலங்கள் அனுப்புவோரும் கூடி அவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆணை போட்டு ஆளும் அதிகாரம் அவருக்கு இல்லை. சான்சலரை வீழ்த்த விரும்பும் மன்றம், அடுத்த சான்சலரை அதே வாக்கில் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இடிப்பதற்கு மட்டும் ஒன்றுகூட முடியாது. மனித மதிப்பு முதற்பிரிவிலேயே நிற்கிறது. அதை எந்தப் பெரும்பான்மையாலும் எடுக்க இயலாது.

அந்தச் சட்டத்திலும் 48-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. தேர்தலில் நிற்பவருக்கு வேலையிடத்தில் விடுப்புத் தரவேண்டும், உறுப்பினருக்குத் தக்க ஊதியம் உண்டு, அரசுப் போக்குவரத்தில் அவர் கட்டணமின்றிச் செல்லலாம் என்று அது சொல்கிறது.